சத்தம் கூடாத தெரு

"எல்லாருமாக் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணோமேடா முனிகிருஷ்ணா. நீ மட்டும் எப்படி அந்தக் காகிதத்துல கைநாட்டு வெச்ச?"

அப்பாதுரை இதைக் கேட்டது தெருக்குழாயடியில், அத்தனை குடத்துக்கும் முன்னால். அந்தச் சந்தில் இருந்த பதினோரு வீடுகளும் சாவுக்கு மேளம் அடித்துப் பிழைக்கிற வீடுகள். அப்பாதுரை அவர்களுக்குத் தலைவர். முனிகிருஷ்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். கண்டோன்மென்ட்டும் சிட்டியும் ஒரே கார்ப்பரேஷனாகி நாலு வருஷம் ஆகியும் அந்தச் சந்துக்கு இரண்டாவது குழாய் வந்தபாடில்லை. பக்கத்துத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மட்டும் மளமளவென்று புது வார்டு எழும்பிவிட்டது, ரோட்டை முட்டிக்கொண்டு. கூடவே ஓர் உத்தரவும் வரப்போவதாகச் சொன்னார்கள். மதிலை ஒட்டிய ரோடு முழுக்க இனி அமைதிப் பகுதி. இடுகாட்டுக்கு அந்த வழியாகப் பிணம் போகலாம், மேளம் போகக் கூடாது.

ஆட்சேபம் கேட்க வந்த ஆபீசர் பெஞ்சின் மேல் வரைபடத்தை விரித்தார். எதிர்வரிசை குமாஸ்தா வீட்டுக்காரர்கள், நோயாளிகள் தூங்க வேண்டாமா என்று நியாயம் பேசினார்கள். சாவுக்கும் அடிக்கக் கூடாதென்றால் கல்யாணத்துக்கா எங்களைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று அப்பாதுரை கேட்டார். ஆபீசர் கெட்டவரல்ல. பதினோரு வீடும் ஒரே குரலாக எதிர்த்தால் உத்தரவைக் கைவிடச் சொல்லி எழுதுவதாகவும், ஒரு வீடு சம்மதித்தாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

பத்து வீட்டுக் கைநாட்டு ஒரு காகிதத்தில் விழுந்தது. பதினோராவது சம்மதக் காகிதத்தில் விழுந்தது.

"அண்ணே, அவ உள்ள இருக்காளே" என்று மட்டும் சொன்னான் முனிகிருஷ்ணன்.

அவன் மனைவி முத்தம்மா அந்தப் புது வார்டில் படுத்து மூன்று மாதம் ஆகிறது. நெஞ்சுச் சளியில் ரத்தம். கட்டின புருஷனானாலும் உள்ளே விடமாட்டார்கள். கட்டில் மதிலோரம்தான், ஆனால் ஜன்னல் எட்டாத உயரத்தில். தினமும் காலையில் கேட்டில் நின்று கஞ்சித் தூக்கை ஆயா லட்சுமம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவான். ஒருநாள் அவள்தான் சொன்னாள்.

"ரோட்டுல மோளம் கேட்டா உன் வீட்டம்மா எழுந்து உக்காந்துக்குதுப்பா. கண்ணுல தண்ணியா ஊத்துது. அது தாண்டிப் போற வரைக்கும் படுக்கிறதில்ல."

அதைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்குக் கை ஓடவில்லை. உயிருக்குப் போராடுகிறவள் காதில் தினமும் சாவு மேளம். அதை அடிப்பவனும் தாலி கட்டியவன். யார் அடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? மேளத்தில் ஒரு சுற்று முடிந்து அடி திரும்புகிற இடத்தில் முனிகிருஷ்ணன் கூடுதலாக ஒரு தட்டு போடுவான். வேறு எவன் கையிலும் அது கிடையாது. தெருமுனையில் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு வீட்டில் உலை வைக்கிறவள் அவள். தான் மட்டும் ஒதுங்கிக்கொண்டாலும் மற்றவர்கள் அடிக்கத்தான் போகிறார்கள். அதனால்தான் கட்டைவிரலை மையில் வைத்தான்.

"உன் ஒருத்தி தூங்கறதுக்கு எங்க பத்து அடுப்பையும் அணைச்சுட்ட" என்றார் அப்பாதுரை. அதற்குப் பிறகு அவர் அவனோடு பேசவில்லை. சந்தில் யாருமே பேசவில்லை.

திங்கட்கிழமை பலகை நட்டார்கள். சத்தம் கூடாது என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. சந்தில் யாருக்கும் படிக்கத் தெரியாததால் ஆஸ்பத்திரிச் சேவகன் பலகையடியில் நின்று தொண்டை கிழியப் படித்துக் காட்டிவிட்டுப் போனான். அன்று மத்தியானமே ஒரு பாடை ஊமையாக அந்த ரோட்டைக் கடந்தது. அப்பாதுரை மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். குழாயடியில் முனிகிருஷ்ணன் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அவனும் கடைசியாகவே பிடித்துக்கொண்டு போனான். செய்தது துரோகம்தான் என்று அவனுக்கே தெரியும். வலித்தது. ஆனாலும் அவள் தூங்குவாளே என்று நினைக்கும்போது வலி பொறுத்துக்கொள்ளும்படி ஆகிவிடும்.

லட்சுமம்மா அன்றைக்கே லீவு போட்டுவிட்டு மகள் பிரசவத்துக்கு அத்திபெலே போயிருந்தாள். பதிலுக்கு வந்த புது ஆயா அதிகம் பேசாதவள். "தூங்குறாளாம்மா?" என்று தினமும் கேட்பான். "படுத்தேதான் கிடக்குது" என்பாள். அந்த வார்த்தை போதும், அன்றைய பொழுது ஓடிவிடும்.

பத்தாம் நாள் காலை கேட்டுக்கு வந்தது லட்சுமம்மா. தூக்கை வாங்க அவள் கை நீட்டவில்லை. முத்தம்மா விடியற்காலையில் போய்விட்டாள் என்று சொல்ல அவளுக்கு இரண்டே வார்த்தைதான் ஆயிற்று.

முனிகிருஷ்ணன் மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அமைதிப் பகுதி என்பதாலோ என்னவோ, அழுகைகூட வாய்க்குள்ளேயே நின்றது. பிறகு கேட்டான்.

"கடைசி நாள்லயாவது அந்த மோளம் கேக்காம, பயமில்லாம போனாளாக்கா?"

லட்சுமம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து அவன் கையில் வைத்தாள். மஞ்சள் கயிறு, அதில் முத்தம்மாவின் தாலி.

"பயமா? உன் தட்டைக் கேட்டாத்தான், அவரு நல்லா இருக்காருன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டுப் படுக்கும்பா அது. ஒம்பது நாளாக் கேக்கலன்னதும், கஞ்சியக்கூட சந்துல வேற யாரோதான் அனுப்புறாங்கன்னு நெனச்சுக்கிச்சு. பலகை வெச்சு மோளத்த நிறுத்திட்டாங்க, அவரு உசுரோடதான் இருக்காருன்னு நேத்து சாயந்திரம் வந்ததும் வராததுமா நானும் தலையால அடிச்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு சொல்லிட்டு, பொட்டை அழிச்சு, தன் கையாலயே இதைக் கழட்டிக் குடுத்துடுச்சு."