விளக்குக்கும் குழந்தைக்கும் நடுவில்

சிஸ்டரின் செருப்புச் சத்தம் வராந்தா முனையில் தேய்ந்ததும் அவள் தலையணைக்கு அடியிலிருந்து துண்டை எடுத்தாள்.

நீல விளக்கின் கீழ் வெற்றுடம்பாகக் கிடந்த தன் குழந்தையைக் கழுத்துவரை போர்த்தினாள்.

நேற்றிலிருந்து இதே வேலைதான். சத்தம் வந்தால் துண்டை எடுப்பாள். போனால் போர்த்துவாள்.

பிறந்து நாலு நாள். பெண். மஞ்சள் காமாலை.

"கண் கட்டு, குல்லாய் தவிர வேற துணி ஒண்ணும் போடக் கூடாதுங்க. வெளிச்சம் உடம்புல படணும். இல்லைன்னா மஞ்சள் மூளைக்கு ஏறிரும். பால் குடிக்காம, அழாம, தூங்கிட்டே இருந்தா உடனே இதை அமுக்குங்க," என்று சிஸ்டர் கட்டிலுக்கு மேலே இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டியிருந்தாள்.

அவளும் நன்றாகத்தான் தலையை ஆட்டினாள்.

சிஸ்டர் அதோடு போயிருக்கலாம். போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தாள். "ரெண்டு நாள்ல மஞ்சள் எறங்கிரும். அப்பறம் பாப்பாவோட நெசமான நெறம் தெரியும்."

அது அவளுக்குத் தெரியும். பிறந்த குழந்தையின் நிறத்தைக் காது மடலில்தான் பார்ப்பார்கள். முதல் நாளே குல்லாயைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். மடலின் விளிம்பு அவள் கறுப்பையே உரித்து வைத்திருந்தது.

குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

மாமியார் இன்னும் காதைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்ததிலேயே மயங்கிப் போனார்.

"வெரலி மஞ்சளாட்டம் இருக்குது பாரு. எங்கூட்டு நெறம்," என்று குழந்தையை வார்டு முழுக்கத் தூக்கிக் காட்டினார்.

மூன்று வருடமாக அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் கரிச்சட்டி. புருஷனும் சிரித்துக்கொண்டே அப்படித்தான் கூப்பிடுவான். அன்றைக்குத்தான் மாமியார் தன் கையால் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். உப்பு கூடுதல். அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

இன்று நாலு மணிக்குத் தாராபுரத்துச் சொந்தமெல்லாம் பார்க்க வருகிறது.

அதுவரைக்கும் மஞ்சள் இருந்தால் போதும். நாலு பேர் வாயால் மெச்சிவிட்டால், அப்புறம் துண்டை எடுத்துவிடலாம்.

காலையில் எடுத்த ரத்தத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. டாக்டர் விளக்கைச் சந்தேகப்பட்டார். பாவம், விளக்கு என்ன செய்யும்.

ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கும் ஜெயசீலன் வந்து, விளக்கடியில் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார்.

"லைட்டு கல்லாட்டம் இருக்குதுங்க. இது சும்மா லைட்டு இல்லீங்க, எல்.இ.டி. செவப்பு வந்துச்சு, பச்சை வந்துச்சு, நீலம் மட்டும் முப்பது வருசமா யாருக்கும் சரியா வரல. கொண்டு வந்த மூணு பேருக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. உங்க போன் லைட்டும் இதேதான். நீலத்து மேல மஞ்சளைப் பூசிருப்பாங்க. வெள்ளையாத் தெரியும்."

அவ்வளவு பேச்சிலும் அவள் கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அவர் போனதும் துண்டை மறுபடி போர்த்தினாள்.

மதியம் பால் கொடுக்கக் குழந்தையை எடுத்தாள். வாய் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாள். கண் கட்டை விலக்கிப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்கட்டும். வருகிறவர்கள் முன்னால் அழாமல் இருந்தால் சரி.

அப்படி நினைத்துக்கொண்டே இன்னொரு தடவை உள்ளங்காலைச் சுண்டினாள்.

நாலு மணிக்கு வந்துவிட்டார்கள்.

துண்டும் கண் கட்டும் தலையணைக்கு அடியில் போயின. குல்லாய் காதுக்குக் கீழே இறங்கியது. குழந்தை கைமாறிக் கைமாறிப் போனது. நாத்தனார் போன் விளக்கைப் போட்டு வீடியோ எடுத்தாள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் முகம் பொன்னாக இருந்தது.

கண்ணுக்கு நேராக அடித்தும் குழந்தை முகம் சுளிக்கவில்லை.

"எத்தன கை மாறுது, ஒரு அழுகை உண்டா. என்ர தங்கம்," என்றார் மாமியார்.

யாரோ ஒருவர் மடியிலிருந்து குழந்தையின் கை தொங்கியது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை.

அவள் எழுந்தாள். சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

அப்போது மாமியார் திரும்பி அவள் தலையைத் தடவினார்.

"நல்லாப் பெத்துக் குடுத்திருக்கற, கண்ணு."

கண்ணு.

பொத்தானுக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றது.

இன்னொரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.