அறுபத்துநாலு பொருத்தம்

"பொருந்தலங்க! மொத எழுத்தே வேற!" என்று போனில் கத்தினாள் பிரகதீஸ்வரி.

அரவிந்த்குமார் அனுப்பிய ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க, லேப்டாப்பில் sha256sum கட்டளையை அடித்திருந்தாள். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும், அது காட்டும் அறுபத்துநாலு எழுத்து வரிசை முழுக்க மாறி, அனுப்பியவரிடம் உள்ள வரிசையோடு பொருந்தாது.

"நெட்டு பாதியில போயிருக்கும். திரும்ப டவுன்லோடு பண்ணிப் பாருங்க."

பண்ணினாள். இருவரும் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்கள். அறுபத்துநாலும் பொருந்தின!

அந்த நேரம் அம்மா செல்வராணி உள்ளே வந்தாள். "நீ கத்துனது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு, ஆத்தா. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, சாதகம் பொருந்தல, வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஐயோ! நான் இன்னும் ஜோசியருக்குப் போனே போடலம்மா!" பிரகதீஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"காலையிலேயே பொருத்தம் கேக்கச் சொன்னேன்ல? பின்ன இம்புட்டு நேரம் யார்ட்டடி பேசுன?"

ஸ்பீக்கரில் கிடந்த போன் கனைத்தது. "நான்தான் அத்தை... மாப்பிள்ளை. எங்க அப்பாகிட்ட நீங்களே திரும்பப் பேசிருங்க."

ஜோசியர் பார்ப்பது வெறும் பத்துப் பொருத்தம். இங்கே அறுபத்துநாலும் பொருந்தியாச்சு. இதுக்கு மேலயும் சாதகம் பாக்கணுமா, நீங்களே சொல்லுங்க?