மேல்காத்து

“பட்டம் விட்டா கண்மாய்ச் சண்டை தீந்துருமா டீச்சர்? நல்ல கதையா இருக்கே!” என்று சிரித்தான் மலையாண்டி.

“பெரியவங்க தீர்க்கலையே, பிள்ளைங்க பாக்கட்டுமே” என்றாள் சொர்ணம் டீச்சர். பசை காய்ச்சிக் கொடுத்த சட்டியை அவன் மனைவி பொன்னுத்தாயிடம் திருப்பிக் கொடுத்தாள்.

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரே கண்மாயில் தண்ணீர் பாய்ச்சும் ஊர்கள், கரைக்கு மேற்கே மேலப்பட்டியும் கிழக்கே கீழப்பட்டியும். போன மார்கழியில் மடை திறப்பதில் கைகலப்பு. அன்றிலிருந்து கண்மாய்க் கரைப் பள்ளிக்கூடத்தில்கூட இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. மூங்கில் கீழப்பட்டி, தாளும் பசையும் மேலப்பட்டி, எல்லாரும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு ஒரே பட்டம் என்று சொல்லிவிட்டாள். எலெக்‌ஷன் முடிந்து மிஞ்சிய நோட்டீஸ்தான் தாள். நேற்றுவரை அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் அதில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“ஒண்ணு மூக்குல ஒண்ணு பசையைத் தடவிச் சிரிக்குதுங்க. பாத்தா கண்ணு கலங்குது” என்றாள் டீச்சர். “வாலுக்குத்தான் துணி வேணும். வால் கனமில்லாம குட்டிக்கரணம் அடிக்குது.”

“என் வீட்டுல துணி கெடையாது” என்றான் மலையாண்டி வெடுக்கென்று. பிறகு, “எப்ப விடுறீங்க?” என்று கேட்டான்.

“சாயங்காலம். மேக்கேருந்து மேல்காத்து நல்லா வீசுது.”

டீச்சர் போனதும் பொன்னுத்தாய் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, எனக்கு ஒம்போதாம் மாசம். நாலு நாள்ல ஆடி பொறந்துரும். அதுக்குள்ள எங்கண்ணன் வளையல் கொண்டாந்து போட்டு என்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும். அந்தத் துண்டைக் கொடுத்துட்டா என்னவாம்?”

கீழப்பட்டிதான் அவள் பிறந்த ஊர். மடைச் சண்டையில் அவள் அண்ணன் ஆத்மநாதனின் சிவப்புக்கரைத் துண்டை, ஊரே பார்க்கத் தோளிலிருந்து பிடுங்கியவன் மலையாண்டி. “என் துண்டு என் தோளுக்கு வராம மேலப்பட்டி மண்ணை மிதிக்க மாட்டேன்” என்று அவன். “வந்து கேக்கட்டும், தாரேன்” என்று இவன். நடுவில் வயிற்றுப் பிள்ளையோடு இவள்.

“நானே கொண்டுபோய் நீட்டவா? ஊரு சிரிக்காது?”

“யார்கிட்டயாவது கொடுத்து அனுப்புங்க.”

“பிச்சை போடுறானான்னு தூக்கி எறிவான் ஒங்கண்ணன். அவன் வீம்பு ஒனக்குத் தெரியாதா?”

“நல்ல வீம்பு! எனக்குப் பயமா இருக்குங்க. எங்காத்தா பக்கத்துல இல்லாம நான் எப்படிப் பெத்துக்குவேன்?”

அவள் புழக்கடையில் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

சாயங்காலம் புளியமரத்துக்கு மேலே பட்டம் எழும்பியது. நீளமாய் வாலை ஆட்டிக்கொண்டு, குட்டிக்கரணம் போடாமல் நிமிர்ந்து நின்றது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாய்க் கூவியது வாசல்வரை கேட்டது. எத்தனை மாசம் ஆச்சு இந்தச் சத்தம் கேட்டு! பொன்னுத்தாய்க்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

திடீரென்று பட்டம் துள்ளிக் கிழக்கே போய்விட்டது. எதிர்வீட்டு முத்தாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அக்கா! மாமா வந்து அருவாளால நூலை அறுத்துட்டாரு! எல்லாரும் அழுகுறாங்க!”

மலையாண்டி வீடு திரும்பியதும் பொன்னுத்தாய் வெடித்தாள்.

“நீங்க மனுஷனா? பச்சப்புள்ளைங்க ஒண்ணு சேந்தது ஒங்க கண்ணை உறுத்துதா?”

“போவட்டும் விடு” என்றான் அவன். சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில், “பொன்னுத்தாயி!” என்று குரல் கேட்டது.

வளையல் தட்டோடு ஆத்மநாதன் நின்றான். பக்கத்தில் ஆத்தா. பின்னால், கிழிந்த பட்டத்தைத் தூக்கிக்கொண்டு கீழப்பட்டிப் பிள்ளைகள். பொன்னுத்தாய் ஓடிப்போய் ஆத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது நிமிர்ந்தபோதுதான் அண்ணன் தோளைப் பார்த்தாள். சிவப்புக்கரைத் துண்டு. அதன் முனையில் பட்டத்து நூல் முடிச்சு இன்னும் அவிழாமல் தொங்கியது.

“எங்க தெரு வேப்பமரத்துல வந்து விழுந்துச்சு தங்கச்சி. வாலை அவுத்துப் பாத்தா என் துண்டு!” என்ற ஆத்மநாதன் மலையாண்டியைப் பார்த்தான். “நீங்க கையில கொடுத்திருந்தா சத்தியமா வாங்கியிருக்க மாட்டேன் மாப்பிள்ளை.”

“அதான் அறுத்துவிட்டேன்” என்றான் மலையாண்டி.