பேயடிச்சான் காடு

மாசாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹாரூன் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்காமல் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆளும் போச்சு என்று நினைத்தார் மூர்த்தி.

ரெங்கத்தில் மூர்த்தியின் டுரியான் பழத் தோட்டத்துக்குப் பேயடிச்சான் காடு என்று பெயர். வாங்க வந்தவர்கள் எல்லாரும் பெயரைக் கேட்டதுமே மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டார்கள். இதை விற்றால்தான் மகள் கஸ்தூரி சொந்தமாகத் தையல் கடை வைக்க முடியும்.

"பேய் யாரண்ணே அடிச்சிச்சு?" என்று கேட்டார் ஹாரூன்.

அடி வாங்கியதே மூர்த்திதான். சிறுவனாக இருந்தபோது ஒரு மாலையில், மூலை மரத்துக்குப் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்டது. திரும்பி ஓடியவரின் முதுகில் முள்முள்ளாக ஏதோ வந்து அறைந்தது. காய்ச்சலில் படுத்தவர் எழுவதற்குள் ஊர் பெயர் வைத்துவிட்டது. இன்றுவரை அவர் அந்த மூலைக்குத் தனியாகப் போனதில்லை.

மகளுக்காக மானத்தை விடுவது என்று முடிவு செய்தார்.

"பேயும் இல்ல, ஒன்னும் இல்ல பாய். அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான். ஆந்தை கத்துச்சு, கால்சட்டையிலயே போய்ட்டேன். வீட்டுல கேலி பண்ணுவாங்கன்னு பேய் மேல பழியப் போட்டேன். எம்மேல ஒரு தூசுகூட படல லா."

ஹாரூன் சிரிக்கவில்லை. வேலியைத் தாண்டி உள்ளே நடந்தார். புல் மூடிக்கிடந்த பள்ளத்தைப் பற்றி எச்சரிக்க மூர்த்தி வாயைத் திறப்பதற்குள், கீழே பார்க்காமலேயே அதைத் தாண்டி, நேராக அந்த மூலை மரத்தடிக்குப் போய்விட்டார்.

மூர்த்தி கால் வலி என்று சொல்லிப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"நான் எடுத்துக்கிறேன்ணே. பேர மட்டும் மாத்தாதீங்க."

மூர்த்திக்கு வந்த மகிழ்ச்சியில் காலைப் பற்றிச் சொன்ன பொய்கூட மறந்துபோனது. பள்ளத்தைத் தாண்டி ஓடி, இவ்வளவு கேவலமான பெயர் எதற்கு என்று கேட்டார்.

ஹாரூன் மரத்தடியில் கிடந்த, முள் நிறைந்த காய்ந்த டுரியான் தோல் ஒன்றைக் காலால் புரட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னைக்கு முதுகுல முள்ளு ரொம்ப குத்திருச்சாண்ணே?"