கை தூக்கியவர்கள்

போலீஸ்காரனைக் காதைப் பிடித்துத்தான் இழுத்து வந்தார்கள். தலைமயிர் பிடிக்கு அகப்படாத அளவுக்கு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

உடம்பில் சீருடை இல்லை. யாரோ கொடியில் காயப்போட்டிருந்த பைஜாமாவை உருவி மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். காலில் கிடந்த பூட்ஸ் காட்டிக்கொடுத்துவிட்டது.

பைரவர் கோவில் முற்றத்தில் அவனைத் தள்ளியபோது ஒரு கண் ஏற்கெனவே மூடியிருந்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் சைக்கிள் கடை ஹர்க்கா பகதூர் நின்றிருந்தான். லலித்பூருக்குப் பிழைக்க வந்த மலைக்காரன். ராஜாவை எதிர்த்து நடந்த ஊர்வலம் ஒன்றையும் விடாதவன். தோளில் விழுந்த தடியடியின் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

ராஜா இறங்கிவந்துவிட்டார், கட்சிகளுக்கு இருந்த தடை போயிற்று, இனி தேர்தல் உண்டு என்று வானொலி சொன்னதிலிருந்து ஊரே முகத்தில் சிவப்புப் பொடி பூசிக்கொண்டு திரிந்தது. ஆனால் சாவடியில் இருந்தது அதே போலீஸ்தான். அதே துப்பாக்கிதான். இன்று காலை சாவடியைக் கொளுத்தினார்கள். அங்கிருந்து தப்பி ஓடியவர்களில் இவன் ஒருவன்தான் கையில் சிக்கினான்.

இறைச்சிக் கடை ஹிரா காஜி அவன் மார்பில் மிதித்தார்.

"எம் புள்ளைக்கு இங்கதான்டா குண்டு பாஞ்சுது. இந்த இடத்துல."

மிதித்த இடத்திலேயே மறுபடியும் மிதித்தார்.

பூர்ண மான் மாஸ்டர் குறுக்கே விழுந்து தடுத்தார். கட்சிக்காரர் என்பதற்காக வருடக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறார். தெருத்தெருவாகப் போட்ட மாலைகளில் ஒன்று இன்னும் கழுத்தில் கிடந்தது.

"அடிக்காதீங்க. வழக்குப் போடுவோம். கோர்ட் இருக்கு."

"அந்தக் கோர்ட்தானே மாஸ்டர் உங்களத் தூக்கி உள்ள போட்டுச்சு?"

கூட்டம் சிரித்தது.

மாஸ்டர் போலீஸ்காரனின் அருகில் குனிந்தார். "இங்க உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லு தம்பி. வந்து உனக்காகப் பேசட்டும்."

"வரட்டும், வரட்டும்," என்றது ஒரு குரல். "அவனையும் சேர்த்தே படுக்க வைப்போம். இவனுங்களுக்கு வேவு பாத்தது யாருன்னு தெரிஞ்சுடும்ல."

போலீஸ்காரன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் கூட்டத்தைப் பார்த்தான். முகம் முகமாகப் பார்த்தான். ஹர்க்காவின் முகத்தையும் பார்த்தான். அடுத்த முகத்துக்குப் போனான்.

"யாருமில்ல சார்."

மாஸ்டருக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து நின்றார்.

"மக்களாட்சி வேணும்னு கத்தினோம்ல? அப்ப மக்களையே கேப்போம். இவனைக் கொல்லணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க. மத்தவங்க பாக்கற மாதிரி தூக்குங்க."

உயிரோடு கிடக்கும் ஒருவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்க இந்தத் தெருக்காரர்களுக்கு மனம் வராது என்று அவர் நம்பினார்.

ஹிரா காஜியின் கை எழுந்தது. அடுத்து, கோவில் வாசலில் பூ விற்பவளின் கை. பிறகு முற்றம் முழுவதும். தூக்காமல் நின்றவர்களைப் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அந்தக் கைகளும் எழுந்தன.

ஹர்க்காவும் தூக்கினான். தோள் வலிப்பதால்தான் தாமதம் என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். அவன் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மாஸ்டர் கைகளை எண்ணவில்லை. கோவில் படியில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"கை தூக்கினவங்க ஆளுக்கொரு கல் எடுங்க," என்றார் ஹிரா காஜி.

போலீஸ் வண்டியை மறிப்பதற்காகத் தெருவிலிருந்து பெயர்த்த செங்கல் ஓரமாகக் குவிந்திருந்தது.

முதல் கல் முழங்காலில் விழுந்தது. அடுத்தது விலாவில். தலையில் படாமல் பார்த்துப் பார்த்து எறிந்தார்கள். ஒருவன் போய் விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினான். இன்னொருவன் வாயைக் குறிபார்த்து எறிந்து, சிதறிய பற்களைக் காலால் தள்ளிக் காட்டினான். போலீஸ்காரன் யார் பெயரையும் சொல்லிக் கத்தவில்லை. தொண்டையிலிருந்து வெறும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஹிரா காஜி மண்ணெண்ணெய் எடுத்துவரக் கடைக்கு ஓடினார்.

அப்போதுதான் ஹர்க்கா முன்னால் போனான்.

அவன் செங்கல் எடுக்கவில்லை. படியிலிருந்து பெயர்ந்து கிடந்த கருங்கல்லை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டான். எல்லாரையும்விடக் கிட்டே போய், காலடியில் அவன் கிடக்கும்படி நின்றான். போலீஸ்காரனின் கண் அவனைப் பார்த்தது. இந்தத் தடவை அது விலகவில்லை.

ஹர்க்கா கல்லை அவன் நெற்றியில் போட்டான்.

பூட்ஸ் கால்கள் ஒருமுறை தரையை உதைத்து ஓய்ந்தன.

டின்னோடு வந்த ஹிரா காஜி, "என்னடா இது, அதுக்குள்ள முடிச்சிட்டியே," என்றார். குரலில் ஏமாற்றம் இருந்தது. மற்றவர்கள் ஹர்க்காவின் முதுகில் தட்டினார்கள். "மலைக்காரனுக்கு நம்மளவிட ஆத்திரம்," என்றான் ஒருவன்.

குழாயடியில் முழங்கை வரை கழுவிக்கொண்டு ஹர்க்கா வீட்டுக்குப் போனான்.

ஒற்றை அறை. அம்மா பருப்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய ஒரே கூச்சலா இருந்துச்சே? சாவடியக் கொளுத்திட்டாங்களாமே?"

"ம்."

"நல்லவேளை. போலீஸ் வேலையே வேணாம், இன்னைக்கே ஓடியாந்துடறேன்னு உன் தம்பி நேத்தே ஆள் விட்டுச் சொன்னான். உனக்கு ஏதாச்சும் வந்துடும்னுதான் இத்தனை நாளா இந்தத் தெருப் பக்கமே வராம இருந்தான். வழியில பாத்தியா அவன?"

அவள் மூன்று தட்டுகளையும் கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

ஹர்க்கா உட்கார்ந்து ஒரு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பாக்கலம்மா."