நாலாவது வரி

"நாற்பது நிமிஷம் ஆச்சு டீச்சர்! அந்தப் பக்கமும் பேச்சில்லை, நீங்களும் வாயைத் திறக்கலை. இதுக்குப் பேர் சேவையா?"

பொறுப்பாளர் மேஜையைத் தட்டினார். டீச்சர் பதறிப்போய் மைக்கைக் கையால் பொத்தினார்.

மனசு உடைந்தவர்கள் பேசி ஆறுதல் தேட, ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் தொலைபேசி மையம் அது. இரண்டு அறை, மூன்று போன். பேசுகிறவர் பெயரைக் கேட்கக் கூடாது. நம்பரும் தெரியாது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு டீச்சர் இங்கே வந்து சும்மா உட்காராமல் போன் எடுக்கிறார், சம்பளம் கிடையாது.

மூன்று வாரமாக, மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் இந்தப் பேசாத போன் வந்துவிடுகிறது.

"முதல் நாள் மட்டும் பேசினாங்க பிரதர். 'நீங்க லைன்ல இருக்கிற வரைக்கும் நான் எதுவும் பண்ணிக்க மாட்டேன்க்கா, வெச்சிடாதீங்க'ன்னு. அதான் நான் வைக்கலை."

"எல்லாம் நடிப்பு. பொழுது போகாதவங்க அடிக்கிற போன். என் வீட்டுக்காரியைப் பாருங்க. போன வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்தோம். இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை புலம்பினது கிடையாது. விசுவாசம்னா அது!"

"இல்லை பிரதர், இவங்க..."

"ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிங்க. எனக்குக் கூட்டம் இருக்கு."

டீச்சர் மைக்கை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். என்னவென்று சொல்வது? மூன்று வாரமாகக் கேட்டதெல்லாம் மூச்சுச் சத்தம்தான். அது சில நாள் விம்மும், சில நாள் அடங்கிக் கிடக்கும். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

"நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் பொறுப்பாளர். "இப்ப நானே கேட்டு, நடிப்புதான்னு காட்டறேன்."

புதிதாக வருகிறவர்களைப் பழக்குவதற்காக வைத்திருந்த இரண்டாவது ஹெட்போனை எடுத்துச் செருகினார்.

டீச்சர் சுவரைக் காட்டினார். சட்டம் போட்டு மாட்டியிருந்த நாலு வரி. மையம் தொடங்கியபோது பொறுப்பாளரே ஜெபம் பண்ணிவிட்டு எழுதியது.

தீர்ப்புச் சொல்ல மாட்டோம். அவசரப்படுத்த மாட்டோம். வெளியே சொல்ல மாட்டோம். ஒளிந்திருந்து கேட்க மாட்டோம்.

"நாலாவது வரி பிரதர். இன்னொருத்தர் கேக்கறதா இருந்தா அவங்ககிட்ட சொல்லியாகணும்."

"சரி, சொல்லித் தொலைங்க."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். டீச்சர் மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"அம்மா, எங்க பொறுப்பாளர் பிரதரும் லைன்ல வர்றார். உங்களுக்குச் சம்மதமா?"

முதல் நாளுக்குப் பிறகு இன்றுதான் அந்தப் பக்கம் வாய் திறந்தது.

"அவரா?"

ஒரே ஒரு சொல்தான். பொறுப்பாளரின் முகம் செத்துப்போயிற்று. காலையில் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, 'கொஞ்சம் உட்காருங்களேன்' என்று அவரிடம் கெஞ்சிய குரல் அது.

"வேண்டாம்க்கா. அவர்கிட்டதான் தினமும் சொல்லப் பாக்கறேன். ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடின்னு கடிகாரத்தைப் பாக்கறார். பிள்ளை செத்ததை ரெண்டு நிமிஷத்துல எப்படிக்கா சொல்றது?"