சின்னவரின் படபடப்பு

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஆற்றுப் பாலத்தின் நடுவில் ஒரு நகரப் பேருந்து நின்றது. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. ஓட்டுநர் இறங்கி, பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார்.

"என்ன டிரைவர், குதிக்கப் போறீங்களா?" என்று பதறி ஓடிவந்தார் கண்டக்டர்.

"நெஞ்சு அடிச்சுக்குதுய்யா. பின்னாடி இத்தனை பேரை வச்சுக்கிட்டு எப்படி ஓட்டுவேன்?"

பணிமனையில் அவருக்குச் சின்னவர் என்று பெயர். அங்கேயே ஓட்டுநராக இருக்கும் அவருடைய அண்ணன் பெரியவர். பெரியவருக்குக் கல்லு என்று இன்னொரு பெயரும் உண்டு. லாரி குறுக்கே வந்தாலும் கண் சிமிட்டாத மனிதர்.

மேலாளர் அதிகம் பேசவில்லை. "இதய டாக்டர் ரிப்போர்ட் சுத்தமா இருக்கணும். இல்லேன்னா ஸ்டீயரிங் பக்கம் வராதீங்க. கேட்ல உட்கார்ந்து வர்ற வண்டிக்குக் கதவைத் திறங்க, போதும்."

சின்னவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கதவைத் திறந்துவிட்டு, தன் வண்டியை இன்னொருவன் ஓட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்ததுமே நெஞ்சு மறுபடி தடதடத்தது.

மருத்துவமனையில் நர்ஸ் அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை இடுப்பில் மாட்டிவிட்டார். "நாளைக்குக் காலைல வரைக்கும் இது ஒவ்வொரு துடிப்பையும் பதிவு பண்ணும். படபடப்பு வந்தா இந்தப் பட்டனை அழுத்துங்க."

"அப்படின்னா கையைப் பட்டன்லயேதான் வச்சிருக்கணும் சிஸ்டர்."

அன்று மாலை வீட்டில் அவர் உட்காரவேயில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். பழைய எஞ்சின் மிஸ் அடிப்பதுபோல ஒரு துடிப்பு விட்டுப்போகும். அடுத்தது நெஞ்சுக்கூட்டை உதைத்துக்கொண்டு வரும். பிறகு யாரோ ஆக்சிலேட்டரை மிதித்தாற்போல ஒரே ஓட்டம். மூச்சை அடக்கிப் பார்த்தார், முகத்தில் தண்ணீர் அடித்துப் பார்த்தார். வந்துவிடுமோ என்கிற பயத்திலேயே அது வந்தது. வந்த பிறகு, போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்கிற பயம்.

"உட்காருங்களேன், தரை தேயுது," என்றாள் மனைவி.

"நெஞ்சு தொண்டைக்கு வந்துடுச்சுடி."

"தண்ணியக் குடிச்சு உள்ள தள்ளுங்க."

பெரியவர் சாப்பாட்டு மேசையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். "எதுக்குடா இப்படி அல்லாடுற? ரிப்போர்ட் சுத்தமா வரும். நான் சொல்றேன்ல."

"வரலைன்னா?"

"என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்றவர், மேலும் எதையோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. தூக்கிய தண்ணீர் தம்ளர் பாதி வழியில் நின்றது. பார்வை எங்கோ போயிற்று.

"என்னண்ணே?"

பெரியவர் சிரித்துக்கொண்டே தம்ளரை வைத்தார். "என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சுடா. தூக்கம் வருது. நாளைக்கு உன் வண்டியும் என் தலையிலதானே. சீக்கிரம் போய்ப் படுக்கறேன்."

மறுநாள் காலை சின்னவர் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை வராந்தாவில் நடந்தார். உள்ளே போனபோது டாக்டர் கணினியில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். சின்னவரின் வலது முழங்கால் தானாக ஆடியது. கைவைத்து அழுத்தினால் இடது முழங்கால் ஆடியது.

"பட்டனை ஒரு தடவைகூட அழுத்தலையே?"

"படபடப்பே வரலை டாக்டர்." சொல்லும்போதே நெஞ்சு தடதடத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நார்மல்தானே? நாளைக்கு டூட்டிக்குப் போகலாமா?"

டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். மேடும் பள்ளமுமாக ஓடிவந்த கோடு ஓரிடத்தில் தரைதட்டி, அப்படியே நேராகப் போயிற்று.

"படபடப்பைப் பத்தி நான் கவலைப்படலை. நிறைய பேருக்கு அது பயத்துல வர்றது. இது வேற. இந்த இடத்துல இதயம் அஞ்சு செகண்ட் நின்னிருக்கு. விடியற்காலைல ஆறு செகண்ட். உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இன்னும் கொஞ்சம் நீண்டா மயக்கம். அதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம். இன்னைக்கே அட்மிட் ஆகி பேஸ்மேக்கர் வச்சுக்கணும்."

சின்னவர் விருட்டென்று எழுந்து செல்போனை எடுத்தார்.

"உட்காருங்க, உட்காருங்க. நீங்க நடக்கவே கூடாது." டாக்டர் மணியை அடித்து, சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சின்னவர் மறுபடி போட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

"பதறாதீங்க. வீட்டுக்கு நான் சொல்லிக்கறேன். யாருக்குப் போடுறீங்க?"

சின்னவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"நேத்து வீட்டுக்குப் போனதும் பெட்டியைக் கழட்டி எங்க அண்ணனுக்கு மாட்டிட்டேன் டாக்டர். அவரு இப்போ பஸ் ஓட்டிக்கிட்டிருக்காரு."